நீ போனால் நான் போன மாதிரி

"அப்ப கெஸ்ட் ஹவுஸுக்கு நான் மட்டும் போகட்டுமா மேடம்? கணக்குப் பார்த்துக் கையெழுத்துப் போடறது நீங்கதானே?"

காங்கேயத்தில், இரவு பத்தரை மணிக்கு, லாட்ஜ் மாடிப்படியில் நின்றுகொண்டு கேட்டாள். வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதமான பெண். "நீ போனா நான் போன மாதிரிதான்" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. நான்கு வருடமாகிறது.

ஆவணி முகூர்த்தம். ஊரில் இருந்த நல்ல ரூமெல்லாம் கல்யாண வீட்டார் கையில். மறுநாள் காலை, பாங்கில் கடன் வாங்கிய ஒரு அரிசி ஆலைக்குச் சொல்லாமல் போய், பாங்குக்காக நெல் இருப்பை எண்ண வேண்டும். பாங்க் கிளை மேலாளரோ போனில், "மில்லு கெஸ்ட் ஹவுஸ் சும்மாதானுங்க மேடம் கிடக்குது. ஓனர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டேனுங்க" என்கிறார். சொல்லிவிட்டாரா! ராத்திரி கடன் வாங்கியவர் கட்டிலில் படுத்துவிட்டு, காலையில் அவர் மூட்டையையே எண்ணுவதா? மாட்டேன் என்றேன். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. சரி, கொஞ்சம் இருக்கிறது.

பஸ் ஸ்டாண்டை ஒட்டிய அந்த லாட்ஜில் மிச்சமிருந்தது ஒரே அறை. கதவில் தாழ்ப்பாள் இருந்தது, அது போய் விழ வேண்டிய நிலைச்சட்டம்தான் பிளந்து கிடந்தது. பிளவில் காகிதத்தை மடித்துச் செருகியிருந்தார்கள். "சேரைப் போட்டுக்கோங்கக்கா, யாரும் வரமாட்டாங்க" என்றான் ரிசப்ஷன் பையன். அவன் அப்படிச் சொன்ன பிறகுதான் எனக்குப் பயமே வந்தது. விளக்கை அணைத்துப் பத்து நிமிடம் இருக்கும், கழுத்தில் சுருக்கென்றது. லைட்டைப் போட்டு மெத்தைத் தையலை விரலால் விலக்கினால், மிளகைப் பொடித்துத் தூவியதுபோல் கரும்புள்ளிகள். நடுவே உளுந்து அளவில், குடித்துப் புடைத்த ஒன்று. நசுக்கினேன். அந்த நாற்றம் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

திருப்பூர் 30 கிலோமீட்டருக்குள்தான். பஸ்ஸும் இருந்தது. காலை ஆறு மணிக்கு ஆலை வாசலில் நிற்க வேண்டும் என்பதால்தான் போகவில்லை என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். ஓனர் காதுக்கு விஷயம் போன பிறகு ஆறு மணியென்ன, பத்து மணியென்ன?

ஆறு மணிக்குப் போனோம். லாட்ஜில் தண்ணீர் வரவில்லை, பல் துலக்கியதே பாட்டில் தண்ணீரில். ஆலை மேஸ்திரி எங்கள் கழுத்துத் தடிப்புகளைப் பார்த்தார். எதுவும் கேட்காமல் கெஸ்ட் ஹவுஸைத் திறந்து ஹீட்டரைப் போட்டுவிட்டார். குளித்தேன். எந்தக் கட்டிலில் படுக்கமாட்டேன் என்றேனோ, அதன்மேல் மாற்றுப் புடவையை வைத்துவிட்டுத்தான் குளித்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. தானும் குளித்து, ஈரத் தலையோடு பென்சிலை எடுத்துக்கொண்டு எண்ண வந்துவிட்டாள்.

மூட்டை அடுக்கை அட்டி என்போம். அட்டியின் நீளம், அகலம், உயரத்தை எண்ணிப் பெருக்குவது எங்கள் வழக்கம். நடுவில் பொந்து விட்டு அடுக்கியிருந்தால் கீழிருந்து தெரியாது, மேலே ஏற வேண்டும். அன்று எல்லா அட்டியிலும் ஏறினேன். ஆலைக்காரர்கள் பாங்குக்குக் கொடுத்த ஸ்டேட்மென்ட்டில் காட்டியதைவிட 240 மூட்டை குறைவு. அவியலுக்கு, அதாவது புழுங்கலரிசிக்காக நெல்லை வேகவைக்க, போயிருக்கிறது என்றார்கள். நன்றாகத் தூங்கி எழுந்த நாளாக இருந்தால் அவியலுக்கு எடுத்ததை எழுதும் ரிஜிஸ்டரைக் கொண்டுவரச் சொல்லியிருப்பேன். அன்று குறைவு என்று எழுதி முடித்துவிட்டேன். இருப்பு குறைந்தால் அவர்கள் கடன் கணக்கில் எடுக்கக்கூடிய பணமும் குறையும் என்பது எனக்குத் தெரியாததல்ல. பிற்பாடு கிளையில் ரிஜிஸ்டரைக் காட்டிச் சரிசெய்துகொண்டார்கள். அந்தக் கட்டிலில் படுத்திருந்தால் என் பேனா அவர்கள் பக்கம் சாய்ந்திருக்கும் என்றுதானே மறுத்தேன்? மூட்டைப்பூச்சி கடித்த பேனா மட்டும் நேராக நின்றதா என்ன?

அவளை மட்டும் அனுப்பியிருக்கலாமா? முன்பின் தெரியாத இடத்துக்கு ஒரு சின்னப் பெண்ணைத் தனியாக எப்படி அனுப்புவது என்று கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தாழ்ப்பாள் விழாத அறையில் அவளை உட்காரவைத்த நான் அதைச் சொல்ல முடியாது. உண்மையில் அன்று எனக்கு அந்தக் காரணம் தோன்றவும் இல்லை. என் பெயரைத்தான் நினைத்தேன். அவள் அப்புறம் என்னோடு இரண்டு வருடம் வேலை பார்த்தாள், ஒருநாளும் இதைப் பேசியதில்லை. பேசியிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன்.

அந்த ராத்திரி மூன்று மணிக்கு மேல் எப்படியோ அசந்துவிட்டேன். பஸ் ஹாரனில் விழிப்பு வந்தபோது, கதவுக்கு முட்டுக்கொடுத்த நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். கையில் போன் டார்ச். வெளிச்சம் என் தலையணை ஓரத்தில் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது.

"இன்னும் அரை மணி இருக்கு, தூங்குங்க மேடம்" என்றாள்.

தூங்கினேன்.