செங்கோட்டைப் பெண்ணும் கொடைக்கானல் சூரியனும்

சூரியனைப் பார்ப்பதையே அன்றாட வேலையாகக் கொண்டவர்கள் எங்கள் கொடைக்கானலில் நூறாண்டுகளுக்கும் மேலாக இருந்து வருகிறார்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,340 மீட்டர் உயரத்தில் இருக்கும் சூரிய ஆய்வகத்தை ஊரார் இன்றும் 'அப்சர்வேட்டரி' என்றுதான் சொல்கிறோம். சூரியனின் கரும்புள்ளிகளில் வாயு உள்ளிருந்து வெளிப்புறமாகப் பாய்கிறது என்பதை 1909-இல் ஆங்கிலேய வானியலாளர் ஜான் எவர்ஷெட் கண்டறிந்தது இங்கேதான். சூரியனை ஆராய இஸ்ரோ அனுப்பிய ஆதித்யா எல்-1 விண்கலத் திட்டத்தின் இயக்குநராகப் பணியாற்றிய நிகர் ஷாஜியின் பணியை இந்த மலையிலிருந்து பார்க்கும்போது அதன் முழு அளவும் தெரிகிறது என்று நான் நினைக்கிறேன்.

அவர் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரமான செங்கோட்டையில் பிறந்து, அங்குள்ள அரசுப் பெண்கள் பள்ளியில் படித்தவர். திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் மின்னணுவியலும் தகவல் தொடர்பும் பயின்று, ராஞ்சியில் முதுகலை முடித்து, 1987-இல் இஸ்ரோவில் சேர்ந்தார். ஸ்ரீஹரிகோட்டாவில் தொடங்கிய பணி பின்னர் பெங்களூரு செயற்கைக்கோள் மையத்தில் தொடர்ந்தது. 2016 டிசம்பரில் ஏவப்பட்ட ரிசோர்ஸ்சாட்-2ஏ திட்டத்தில் இணைத் திட்ட இயக்குநராக இருந்தார். பயிர்களையும் நீர்நிலைகளையும் படமெடுக்கும் செயற்கைக்கோள் அது. பூமியைப் பார்க்கும் கோள்களில் தேர்ந்த அந்தக் கைகளிடம்தான் சூரியனைப் பார்க்கும் பொறுப்பு வந்து சேர்ந்தது.

விண்வெளி விஞ்ஞானி என்றதும் புதியதொன்றைக் கண்டுபிடிப்பவரே நம் மனத்தில் வருகிறார். திட்ட இயக்குநரின் வேலை அதுவன்று. ஆதித்யாவில் உள்ள ஏழு கருவிகள் ஒரே இடத்தில் உருவானவையல்ல. சூரியனின் வெளிப்புற வளிமண்டலமான கொரோனாவைப் படமெடுக்கும் முதன்மைக் கருவியான கொரோனா வரைவியை, கொடைக்கானல் ஆய்வகத்தை நடத்தும் அதே இந்திய வான் இயற்பியல் நிறுவனம் உருவாக்கியது. புற ஊதாத் தொலைநோக்கி புனேயிலிருந்தும், துகள் உணரிகள் அகமதாபாத்திலிருந்தும் திருவனந்தபுரத்திலிருந்தும் வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பிடிவாதம் உண்டு. கொரோனா வரைவிக்குக் கோள் இம்மியும் அசையக் கூடாது. காந்தமானிக்கோ கோளின் சொந்தக் காந்தப்புலமே இடையூறு என்பதால், அதை 6 மீட்டர் நீளத் தண்டில் தள்ளிப் பொருத்தி, விண்வெளிக்குச் சென்ற பிறகே விரிக்க வேண்டியிருந்தது. எடை, மின்சாரம், வெப்பம் ஆகியவற்றுக்குள் இத்தனை தேவைகளையும் அடக்கி, ஒருவர் கேட்டதைக் கொடுப்பதற்காக மற்றவருடையதைக் கெடுக்காமல் முடிப்பதே திட்ட இயக்குநரின் திறமை. பல வீட்டாரையும் மனம் கோணாமல் ஒரே பந்தியில் அமர்த்தும் திறமைக்கு நிகரானது அது.

இந்த உழைப்பின் பயன் என்ன என்பதைக் கொடைக்கானல்வாசிகளுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. காலையில் பளிச்சென்றிருக்கும் வானம் நண்பகலுக்குள் மூடிக்கொள்வதை நாம் அறிவோம். மழைக்காலத்தில் சூரியனைக் காணாத நாள்கள் தொடர்ந்து வரும். மேகத்தை விடப் பெரிய தடை சூரியனின் ஒளியே. கொரோனா, சூரியனின் ஒளிரும் வட்டை விட ஏறத்தாழ பத்து லட்சம் மடங்கு மங்கலானது என்பதால், முழுச் சூரிய கிரகணத்தின் சில நிமிடங்களில்தான் அது கண்ணுக்குத் தெரியும். அந்தச் சில நிமிடங்களுக்காகவே, கொடைக்கானலின் இயக்குநராக இருந்த எவர்ஷெட் 1922-இல் ஆஸ்திரேலியாவின் வாலல் வரை கடல் கடந்து சென்றார்.

ஆதித்யாவின் வரைவி வட்டைத் தானே மறைத்து ஒரு செயற்கைக் கிரகணத்தை நிலைக்க வைக்கிறது. பூமியிலிருந்து சூரியன் இருக்கும் திசையில் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், பூமி, சூரியன் இரண்டின் ஈர்ப்பும் சேர்ந்து கோளை நிலைநிறுத்த உதவும் எல்-1 பகுதியைச் சுற்றிவருவதால், அதற்கு இரவும் இல்லை, மேகமும் இல்லை. 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட கோள், 2024 ஜனவரி 6 அன்று அந்தச் சுற்றுப்பாதையில் நிறுத்தப்பட்டது. வழியில் அக்டோபர் மாதம் ஒரு பாதைத் திருத்தமும் செய்தார்கள். இறுதி உந்துதல் தவறியிருந்தால் கோள் அந்த இடத்தைக் கடந்து போயிருக்கும். பல ஆண்டு உழைப்பு அந்தச் சில நிமிடங்களில் தங்கியிருந்தது என்பதை நினைக்கும்போது, அன்று நிகர் ஷாஜி தாங்கிய சுமையை எண்ணி எனக்கு இன்றும் வியப்பு தீரவில்லை.

ஆதித்யாவின் திட்டமிட்ட ஆயுள் 5 ஆண்டுகள். கரும்புள்ளிகள் கூடிக் குறையும் சூரியனின் ஒரு சுழற்சியோ ஏறத்தாழ 11 ஆண்டுகள். எனவே விண்ணில் பறக்கும் கருவி காணாத நெடுங்காலத்தை இந்த மலையின் பழைய ஒளிப்படத் தகடுகளிலிருந்துதான் பெற வேண்டும். 1904-இல் தொடங்கிய அந்தத் தொடர் இப்போது எண்ணிம வடிவிலும் கிடைக்கிறது. ஆதித்யாவின் தரவுகளையும் இஸ்ரோ 2025 ஜனவரி முதல் வெளியிட்டு வருகிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும் ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றில் நிகர் ஷாஜியின் பெயர் இடம்பெறாமலே போகலாம். இங்குள்ள பள்ளிகளிலிருந்து ஆய்வகத்தைக் காண வரும் மாணவியரிடம் எவர்ஷெட்டைப் பற்றிச் சொல்லும் ஆசிரியர்கள், அதே மூச்சில் செங்கோட்டை அரசுப் பள்ளியில் படித்த இந்தப் பொறியாளரைப் பற்றியும் சொல்ல வேண்டும் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.