இடித்த வீட்டுக் கான்கிரீட்டில் ஒரு மீன் பார்

கடலில் எதை இறக்கினாலும் அதைச் சுற்றி மீன் கூடும். நாகப்பட்டினம் கரையோரத்தில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சுனாமிக்குப் பிறகு கட்டிய குடியிருப்பில் விரிசல் விட்ட வீடுகளை இடித்தபோது, அந்தக் கான்கிரீட்டைக் கடலடியில் இறக்கிப் பார் ஆக்கலாம், அதாவது மீன் கூடித் தங்கும் செயற்கைத் திட்டு ஆக்கலாம் என்று எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் பேச்சு வந்தது. அந்த வேலையில் கடைசிவரை கூடவே இருந்தேன். இதே யோசனையில் இருக்கும் ஊர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் மீன்வளத் துறை. அனுமதி இல்லாமல் இறக்கினால் அது கடலில் குப்பை கொட்டுவதுதான். பஞ்சாயத்துத் தீர்மானம், ஜிபிஎஸ் புள்ளி, ஆழம், அடிமண், இறக்கும் பொருள் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தோம். பக்கத்து ஊர்களைச் சம்மதிக்க வைக்கத்தான் நாளானது. தங்கள் வலை போகும் வழியில் கல் கிடந்தால் யாருக்கும் கோபம் வரும்.

இடம் பார்த்தது பெரியவர்கள். ஈயக்குண்டின் அடியில் சோப்பை அப்பி இறக்கினார்கள். ஒட்டி வந்த மண்ணை விரலில் தேய்த்துப் பார்த்தே முடிவு சொன்னார்கள். கறுப்புச் சேறு என்றால் வேண்டாம், இறக்குவது புதைந்துவிடும். எட்டுப் பாக ஆழத்தில் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி), சிப்பித் தூள் கலந்த கெட்டி மணல் வந்தது. அங்கேயே நின்றோம். ஏற்கெனவே பாறையோ பவளமோ உள்ள இடத்தில் இறக்கவே கூடாது.

பொருளில்தான் பெரிய சண்டை. டயர் சும்மா கிடைக்கிறதே என்று பலர் கேட்டார்கள். ஃபுளோரிடா கடலில் 1970-களில் சுமார் 20 லட்சம் டயர்களை இப்படித்தான் கட்டி இறக்கினார்கள். கட்டு அறுந்து, புயலில் உருண்டு, பக்கத்திலிருந்த இயற்கைப் பவளத்தையே அவை சிதைத்தன. ராணுவ முக்குளிப்பாளர்களை வைத்துப் பொறுக்கி எடுக்க வேண்டியதாயிற்று. டயர் கூடவே கூடாது என்று நான் அடித்துப் பேசினேன். இன்றும் என் கருத்து அதுதான்.

கான்கிரீட்டிலும் எல்லாம் ஆகாது. ஒப்பந்ததாரர் கொட்டிய முதல் லோடில் பெயிண்ட் அடித்த பூச்சு, தார் ஒட்டிய தளத்துண்டு, பிவிசி குழாய், ஒயர் எல்லாம் கலந்து கிடந்தன. மகளிர் குழுவினர் உட்கார்ந்து துண்டு துண்டாகப் பிரித்தார்கள். இந்தப் பாரின் பாதி உழைப்பு அவர்களுடையது. கம்பியை உருவி எடைக்குப் போட்டோம். நீட்டிக்கொண்டிருந்தால் வலையைக் கிழிக்கும். சுத்தமானதை மட்டும் உடைத்து ஜல்லியாக்கி, புதுச் சிமெண்ட் சேர்த்துக் கிணற்று உறைகளாக வார்த்தோம். மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் செயற்கைப் பார்களிலும் இந்த உறை வடிவம் உண்டு.

பக்கவாட்டு ஓட்டைகளை ஒரே அளவில் போடாதீர்கள். குஞ்சு ஒளிய வேண்டும், பெரிய மீன் மாட்டாமல் வெளியேறவும் வேண்டும், தண்ணீர் தங்காமல் ஓடவும் வேண்டும். புதுச் சிமெண்டில் காரம் அதிகம். உடனே இறக்கினால் அதில் உயிர் ஒட்டத் தயங்கும். நன்றாக நனைத்து, ஆறப்போட்டுத்தான் எடுத்துப் போனோம்.

பங்குனியில் கடல் அமைதியானதும், விசைப்படகில் செயின் கப்பி கட்டி ஒவ்வொரு உறையாகத் தரைவரை இறக்கினோம். தள்ளிவிட்டால் உடையும், கவிழும். சங்கு குளிக்கும் தம்பிகள் கீழே போய் நிலையைப் பார்த்துச் சொன்னார்கள்.

முதலில் வழுவழுப்பாகப் பாசி, பிறகு கல்லில் ஒட்டி வளரும் ஓட்டு உயிரான கொட்டலசு, சிப்பி. மழைக்காலம் முடிந்து மறுபடி இறங்கிய தம்பி, ஓட்டையின் விளிம்பில் கறுப்புத் திராட்சைக் கொத்து போலக் கணவாய் முட்டை தொங்குவதாகச் சொன்னபோது கரையில் நின்ற எங்களுக்குப் பேச்சே வரவில்லை. களவா மீன் குஞ்சுகளும் தங்கியிருந்தன.

கூடிய மீனை அன்றன்றைக்கே வலைபோட்டு அள்ளினால் பார் எதையும் பெருக்காது, பிடிப்பதை எளிதாக்கும், அவ்வளவுதான். அதனால் அங்கே தூண்டில் மட்டும் என்று பஞ்சாயத்து கட்டுப்பாடு வைத்திருக்கிறது. முட்டை வைக்கும் காலத்தில் தூண்டிலும் கிடையாது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மதிக்கிறார்கள். ராத்திரியில் கரையோரமாக வரும் இழுவை மடிதான், படகு கடலடியோடு இழுத்துப்போகும் அந்த வலைதான், இன்னும் தீராத தொல்லை. அடுத்த உறைகளை அது வரும் பக்கமாகத் தடுப்பு போல வரிசை கட்டி இறக்க மனு கொடுத்திருக்கிறோம். ஜல்லி தயாராக இருக்கிறது.