மண் எடுக்கக் கற்ற கோடை

கோடை விடுமுறைப் பயிற்சிக்காக வேளாண் விரிவாக்க அலுவலகத்தில் சேர்ந்து நான்கு வாரங்கள் ஆகின்றன. கோப்புகளை அடுக்கும் வேலை என்று நினைத்துத்தான் போனேன். முதல் நாளே கையில் மண்வெட்டியைக் கொடுத்தார்கள்.

ஆய்வுக்கு மண் மாதிரி எடுப்பதில் இவ்வளவு நுணுக்கம் இருக்கிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது. வரப்போரம், மரநிழல், எருக்குவியல் கிடந்த இடம் எல்லாவற்றையும் தவிர்க்க வேண்டும். மேலே கிடக்கும் சருகை விலக்கி, 'வி' வடிவில் 15 செ.மீ. ஆழத்துக்குக் குழி வெட்டி, அதன் பக்கங்களில் மேலிருந்து கீழாகச் சீராகச் சுரண்ட வேண்டும். இப்படி ஒரே வயலில் பத்துப் பதினைந்து இடங்கள்! எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பகுதிகளைக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் அரைக் கிலோ மிஞ்சும். அதை நிழலில்தான் உலர்த்த வேண்டும்.

நேற்று ஒரு பெரியவர் தன் வயலின் மண் ஆய்வு முடிவுத் தாளை என்னிடம் நீட்டி, "படித்துச் சொல் கண்ணு" என்றார். மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், மண்ணில் தேவைக்கு மேலேயே இருந்தது. ஆண்டுதோறும் அந்த உரத்தைத்தான் காசு கொடுத்து வாங்கிப் போட்டிருக்கிறார். எனக்கு மனம் கனத்துவிட்டது. அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "மேட்டு வயலையும் பார்த்துவிடலாமா?" என்று கேட்டார்.

நாளை காலை அங்கேதான் போகிறோம்.