நாக்கு தொடாத எழுத்து

ழகரம் வராதவர்களுக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் அறிவுரை "நாக்கை நல்லா மடக்கு" என்பதுதான். அது பாதி அறிவுரை. ளகரத்துக்கும் நாக்கு மேல்நோக்கி மடங்கத்தான் செய்கிறது. மடங்கிய நுனி எதையாவது தொடுகிறதா என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. ள சொல்லும்போது நுனி மேலண்ணத்தைத் தொடும். ழ சொல்லும்போது அருகில் போய் நிற்கும், ஒட்டாது. ழகரம் பிறப்பதைத் தொல்காப்பியத்தின் பிறப்பியல் 'நுனிநா அணரி அண்ணம் வருட' என்கிறது. அணர்தல் என்றால் மேல்நோக்கி வளைதல்.

ஆனால் நாக்குக்குப் போகுமுன் காதைச் சோதித்துவிட வேண்டும். வேறுபாடு காதில் விழாவிட்டால், தான் சொன்னது சரியா தவறா என்றே தெரியாமல் மாதக்கணக்கில் பயிற்சி நடக்கும். ஆறு மும்மைகளை 18 துண்டுச் சீட்டுகளில் எழுதிக்கொள்ளுங்கள்: வலி-வளி-வழி, ஒலி-ஒளி-ஒழி, கிலி-கிளி-கிழி, தலை-தளை-தழை, வால்-வாள்-வாழ், அலை-அளை-அழை. நன்றாக உச்சரிக்கும் ஒருவர் சீட்டுகளைக் கலைத்து, வாயைத் தாளால் மறைத்துக்கொண்டு படிக்கட்டும். கேட்பவர் லகரமா, ளகரமா, ழகரமா என்று மட்டும் குறிக்க வேண்டும். 18இல் 16 சரியாக வரும்வரை நாக்குப் பயிற்சி வேண்டாம். படித்துக்காட்ட வீட்டில் ஆள் இல்லையென்றால் மலையாளம் பேசும் நண்பரைக் கேளுங்கள். மழ, புழ, வழி, பழம் என்று அவர்கள் அன்றாடம் சொல்லும் ழகரம் நம்முடையதேதான். செல்பேசியில் பதிந்து வைத்துக்கொள்ளலாம்.

இனி நாக்கு. முதலில் 'பட்டு' என்று சொல்லி, 'ட்'டில் நிறுத்துங்கள். நுனி தொட்டிருக்கும் அந்த இடம்தான் நம் குறி. நுனியை அங்கேயே வைத்து 'ள்ள்ள்' என்று நீட்டினால் காற்று நாக்கின் இரு பக்கமும் வழிந்து வெளியேறும். இப்போது நுனியை நூலளவு இறக்குங்கள். அதே சமயம் நாக்கின் இரு ஓரங்களும் மேல் கடைவாய்ப் பற்களில் படியட்டும். பக்கவழி அடைபட்டு, காற்று நடுவில் போகும். அதுதான் ழ்.

சரியாக வந்ததா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஒலியை நிறுத்திவிட்டு, நாக்கை அசைக்காமல் வாயால் மூச்சை உள்ளே இழுங்கள். நாக்கின் ஓரங்களில் குளிர்ந்தால் நீங்கள் சொன்னது ள். நடுவில் குளிர்ந்தால் ழ். ஆசிரியர் இல்லாமல் பழகுபவர்களுக்கு இதைவிட நல்ல துணை இல்லை.

இந்த வழி பிடிபடாவிட்டால் உயிரெழுத்திலிருந்து தொடங்கலாம். 'ஆ' என்று நீட்டிக்கொண்டே, தாடையை மூடாமல், நுனியை மெல்லப் பின்னோக்கிச் சுருட்டுங்கள். ஒலி தானாக 'ஆழ்' என்று மாறும். கண்ணாடியில் நாக்கின் அடிப்பக்கம் தெரிய வேண்டும்.

தவறு எங்கே என்பதை ஒலியே காட்டிக்கொடுக்கும். 'பளம்' என்று கேட்டால் நுனி தொட்டுவிட்டது. 'பயம்' என்று கேட்டால் நுனி கீழ்ப்பல்லருகே படுத்துக்கிடக்க, நடுநாக்கு எழும்பியிருக்கிறது; இவர்களுக்கு ஆ-ஆழ் வழிதான் பலன் தரும். 'பரம்' போலக் கேட்டால் நாக்கு விறைத்துத் தட்டிவிட்டு இறங்குகிறது. ஒலியை இரண்டு நொடி நீட்டச் சொன்னால் தட்ட முடியாது, சரியாகிவிடும். உதடு குவிந்தால் ஆங்கில ஆர் ஒலி கலந்துவிடும். வெளிநாட்டில் வளரும் பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் தமிழைப் படித்து, அதிலுள்ள இசட்-எச் கூட்டை ஆங்கில வழியிலேயே ஒலிப்பதுண்டு. அவர்களுக்குத் தமிழ் எழுத்தைக் காட்டி, ஒலியைக் காதால் மட்டும் கொடுங்கள்.

சொற்களின் வரிசையும் முக்கியம். ஆழ், வாழ், தாழ் எளிது. அடுத்து ஊழ், கூழ். கீழ், வீழ் கடைசியில்தான் வர வேண்டும். 'ஈ' சொல்லும்போது நாக்கின் முன்பகுதி மேலே எழும்பி நிற்கும். அதே நாக்கின் நுனியைப் பின்னே சுருட்டுவது கடினம். பிறகு ழகரம் சொல்லின் நடுவே வரும் மழை, பழம், எழுத்து. அதன்பின் மெய்யோடு சேரும் வாழ்க்கை, மகிழ்ச்சி, புகழ்ச்சி. கடைசிப் படி ழவும் ளவும் ஒரே சொல்லில் வரும் தாழ்ப்பாள், வாழ்நாள், ஆழ்துளை, தோழர்கள். ஒவ்வொரு படியிலும் பத்துச் சொற்கள். பத்தில் எட்டு சரியாக வந்தபின் அடுத்த படி. ஐந்து நிமிடமாக நாளுக்கு மூன்று முறை செய்வது, அரை மணி நேரம் தொடர்ந்து செய்வதைவிட நல்லது. நாக்கு களைத்தால் பழைய வழக்கத்துக்கே திரும்பிவிடும்.

வாழைப்பழம் வழுக்கி ஏழைக் கிழவன் விழும் வாக்கியத்தைத் தொடக்கத்தில் கொடுக்காதீர்கள். ஏறக்குறைய எல்லாச் சொல்லிலும் ழகரமே வருவதால் வேறுபாடு பழக அதில் இடமில்லை. வேகம் மட்டுமே மிஞ்சும். ழகரம் வந்தவர்கள் விளையாடுவதற்கு உரியது அது.

ழகரம் கைவந்த புதிதில் வேறொரு சிக்கல் முளைக்கும். கேள்வி 'கேழ்வி' ஆகும், அவர்கள் 'அவர்கழ்' ஆவார்கள். செய்தி வாசிப்பவர்களிடம்கூட இதைக் கேட்கலாம். இதற்கு இலக்கணமே கைகொடுக்கிறது: தமிழில் ழ் இரட்டிக்காது. பள்ளி, வெள்ளம், உள்ளே என்று அழுத்தி இரட்டித்தால் அது எப்போதும் ளகரமே. பன்மை விகுதி 'கள்' எங்கும் ளகரம். இந்த இரண்டையும் மனத்தில் வைத்தாலே பெரும்பாலான குழப்பம் தீரும்.

மதுரையிலும் நெல்லையிலும் யாழ்ப்பாணத்திலும் இயல்பான பேச்சில் ழகரம் ளகரமாவதும், பழைய சென்னைப் பேச்சில் யகரமாவதும் வட்டார வழக்குகள். அவை நோயல்ல. மேடைக்கோ வானொலிக்கோ வகுப்பறைக்கோ வேண்டுமென்று ஒருவர் விரும்பிப் பழகலாம். வீட்டில் அம்மா 'வாளப்பளம்' என்றால் திருத்த வேண்டிய தேவை எதுவும் இல்லை.

குழந்தைகள் விஷயத்தில் பொறுமை மிக மிக வேண்டும். ர, ற, ழ ஆகியவை தாமதமாக வரும் ஒலிகள். மூன்று வயதுப் பிள்ளை 'பயம் வேணும்' என்றால், "பழம் வேணுமா கண்ணு? இந்தா பழம்" என்று சரியான ஒலியைத் திருப்பிக் கொடுத்தால் போதும். "பழம்னு சொல்லு, அப்பத்தான் தருவேன்" என்று நிறுத்தி வைத்தால் பிள்ளை பேசுவதையே குறைத்துக்கொள்ளும். உறவினர் முன்னால் சொல்லிக் காட்டச் சொல்வதும் அப்படியே.

ஆனால் சிலவற்றைத் தள்ளிப்போடக் கூடாது. இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாத பிள்ளை, நான்கு வயதில் வெளியாருக்குப் பேச்சு பெரும்பாலும் புரியாத பிள்ளை, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை: இவர்களுக்கு முதலில் செவித்திறன் சோதனை. நடுச்செவியில் நீர் தேங்கியிருந்தாலும் ஒலிகள் மங்கித்தான் கேட்கும். கேட்காத ஒலியை எந்தப் பயிற்சியாலும் வரவழைக்க முடியாது. அதன்பின் பேச்சு-மொழி சிகிச்சையாளர். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நாக்கின் அடிச்சவ்வை வெட்டினால் பேச்சு தெளிந்துவிடும் என்று யாரேனும் சொன்னால், இந்தச் சிகிச்சையாளர் பார்த்தபின் முடிவெடுங்கள். நாக்கை வெளியே நீட்டவும் மேலே தூக்கவும் முடிகிற பிள்ளைக்குப் பெரும்பாலும் அந்த வெட்டு தேவைப்படாது.