"சவுல் நான்தான்" என்றார் வார்டன் ஐயா

இந்த நினைவு மலரில் நம் விடுதி வார்டன் ஐயாவைப் பற்றிப் பலரும் எழுதுவீர்கள். அந்தப் பிரம்பு, ஏழரை மணி ஜெபம், வாய்க்கால் குளியல், ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு எல்லாம் வந்துவிடும். அவர் காலமான செய்தி வந்ததிலிருந்து எனக்கு 1984 ஜூன்தான் மனதில் சுற்றுகிறது. அதை மட்டும் எழுதுகிறேன்.

பள்ளி திறந்த வாரம். 1983 ஜூலைக் கலவரத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் வீடிழந்த ஒரு பையனை, நாகப்பட்டினத்திலிருந்த அவன் மாமா கூட்டிவந்தார். கப்பலில் காங்கேசன்துறை, படகில் ராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம் என்று அலைந்து வந்தவனிடம் டி.சி. ஏது? "வீட்டோட எரிஞ்சு போச்சு, சேர்" என்றான். ஐயா ஏட்டை மூடினார். "சர்டிபிகேட் இல்லாமச் சேர்த்துட்டு நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யாருங்க பதில் சொல்றது? அடுத்த வாரம் பாப்போம்." இந்தப் பையன்கள் வந்தால் விடுதிக்குப் போலீஸ் வரும் என்று அவர் சமையற்காரரிடம் சொன்னதும் எங்கள் காதில் விழுந்தது.

மாமா தினமும் அழைத்து வந்தார். பையன் வராந்தாத் தூணோரம் நிற்பான், மணி அடித்தால் போய்விடுவான்.

அந்த வாரம் ஐயா எடுத்த வேதபாடம் அப்போஸ்தலர் 9. சபையைத் துன்புறுத்திய, கண்ணில் செதிள் படர்ந்ததுபோலப் பார்வை இழந்திருந்த சவுலிடம் போகச் சொல்லி, சீடரான அனனியாவுக்குக் கட்டளை வருகிறது. அனனியா தயங்குகிறார், அந்த ஆள் செய்ததையெல்லாம் ஆண்டவரிடமே எடுத்துச் சொல்லி வாதாடுகிறார். பிறகு போய், தலையில் கைவைத்து, "சகோதரனாகிய சவுலே" என்கிறார். அந்த வரியில் ஐயாவின் குரல் நின்றது. சன்னலுக்கு வெளியே பார்த்தார். சாக்பீஸ் படிந்த கையோடு எழுந்து போய்ப் பையன் தோளில் கைபோட்டு உள்ளே அழைத்துவந்து முதல் பெஞ்சில் உட்கார வைத்தார். அவன் நீலச் சட்டையில் அந்த ஐந்து விரலும் வெள்ளையாகப் பதிந்திருந்தன.

"நான் அனனியான்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்டா. இந்தக் கதையில சவுல் நான்தான். செதிள் இருந்தது என் கண்ணுலதான்" என்றார். மறுநாள் காலை அசெம்பிளியில் எல்லார் முன்னாலும் அவனிடம் மன்னிப்புக் கேட்டார். ஐம்பதைத் தாண்டிய, எங்களை நடுங்க வைத்த மனிதர்.

அகதியைச் சேர்த்துக்கொள்வதை ஏதோ நாம் போடும் பிச்சையாக நினைக்கிறோம். "அந்நியனாயிருந்தேன், என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள்" என்று ஆண்டவர் தம்மையே அந்த இடத்தில் வைத்துப் பேசியிருக்கிறார். பெற்றோர் எகிப்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய குழந்தை அவர். வந்தவன் மாறுவானா என்றே எல்லாரும் கேட்கிறார்கள். கதவைத் திறப்பவனும் மாறுகிறான், பெரும்பாலும் அவன்தான் முதலில் மாறவேண்டியிருக்கிறது. நான் இதைக் கற்றது அந்த வகுப்பில். 2016இல் இங்கே டொராண்டோவில் எங்கள் சபை ஒரு சிரியக் குடும்பத்துக்கு ஓராண்டுப் பொறுப்பேற்றது. கூட்டத்தில் ஒரு பெரியவர், "அவங்க நம்மளோட ஒட்டமாட்டாங்க" என்று முட்டுக்கட்டை போட்டார். நான் ஐயாவின் கதையைச் சொன்னேன். விமான நிலையத்துக்குக் குளிர்கோட்டுகளோடு வந்தவர்களில் அந்தப் பெரியவரும் இருந்தார்.

நான் விருப்பப்பட்டு விமானம் ஏறியவன். கனடா எனக்குக் குடியுரிமை தந்துவிட்டது. எங்களோடு படித்த அவன் இன்னும் திருச்சிப் பக்கத்து முகாமில்தான் இருக்கிறான். 2021இல் இந்த அகதி முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றினார்கள். அப்போது தமிழ்நாட்டு முகாம்களில் 58,000க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். இந்தியாவிலேயே பிறந்த அவன் பிள்ளைகளுக்கும் குடியுரிமை இல்லை. ஐயாவின் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் அவனும் ஒருவன். டெல்டாவில் பிறந்த நானோ இங்கே கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு தோள் கொடுக்க நான் இருந்திருக்க வேண்டும்.

ஐயா பெயரில் உதவித்தொகை வைக்கப்போவதாக நம் பழைய மாணவர் சங்கம் அறிவித்திருக்கிறது. அதை முகாம் பிள்ளைகளுக்கும் தரவேண்டும், விண்ணப்பத்தில் டி.சி. கட்டாயம் என்று போடக்கூடாது. முதல் ஆண்டுக்கான பணத்தை என் பங்காக நான் அனுப்பிவிடுகிறேன்.