ஆக்சிலேட்டரை விடுகிற வேலை

காசிமேட்டில் மீன்பிடித் தடைக்காலம்தான் எங்கள் பட்டறைக்கு அறுவடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. வலை இழுக்கும் வின்ச்சுகள் ஒவ்வொன்றாகக் கழன்று பட்டறைக்கு வரும். போன மே மாதம் அப்படி வந்த ஒன்றில் ரோப் சுற்றிக்கொண்டிருந்தோம். கூட வேலை பார்க்கிற பையன் திடீரென்று கேட்டான்: "அண்ணே, முன்னாடி நீங்க பிளேன் இழுத்தீங்களாமே?"

இழுத்தது நிஜம். ஆனால் பிளேன் இல்லை, எஞ்சினே இல்லாத கிளைடர். வடக்கே ஒரு கிளைடிங் கிளப்பில் நாலு வருஷம் வின்ச் ஓட்டினேன்.

மைதானத்தின் ஒரு கோடியில் கிளைடர் நிற்கும். மறுகோடியில், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தள்ளி, பெரிய டீசல் எஞ்சின் பூட்டிய வின்ச். இரண்டுக்கும் நடுவே ரோப்; வின்ச் அதைச் சுற்றி இழுக்க, கிளைடர் காற்றில் ஏறும். அறுந்த ரோப் சாட்டை மாதிரி முகத்தில் அடிக்காமல் இருக்கக் கம்பி வலைக் கூண்டு, அதற்குள் நான். அந்தப் பக்கம் விளக்கு மெதுவாக மினுக்கினால் ரோப்பின் தொய்வை எடுக்க வேண்டும். வேகமாக மினுக்கினால் முழு இழுவை. அணையாமல் எரிந்தால் நிறுத்து. பைலட்டின் முகம் எனக்குத் தெரியவே தெரியாது.

முழு இழுவை கொடுத்த சில வினாடிகளில் கிளைடர் தரையை விட்டுவிடும். அப்புறம் மூக்கைத் தூக்கிக்கொண்டு செங்குத்தாக ஏறும் பாருங்கள், முதல் தடவை பார்ப்பவர்களுக்கு வயிறு கலங்கும். அரை நிமிஷம் சொச்சத்தில் ரோப் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்குப் போய்விடும். எதிர்காற்று நன்றாக இருந்தால் இன்னும் மேலே.

எல்லோரும் ஆக்சிலேட்டரை மிதிப்பதுதான் வேலை என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் மிதித்ததை விடுவதுதான் வேலை. மேலே போகப் போகக் காற்று வலுக்கும். நான் அதே வேகத்தில் இழுத்தால் கிளைடருக்குத் தாங்காத வேகம் கிடைத்துவிடும். அதனால் காலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்க வேண்டும்.

சேர்ந்த இரண்டாம் மாதம் நான் தூக்கவில்லை. காற்று திடீரென்று வலுத்தது. கிளைடர் வாலை இப்படியும் அப்படியுமாக ஆட்டியது. வேகம் அதிகம், குறை என்று பைலட் சொல்கிற சைகை அது. நான் அதைப் பார்த்துக்கொண்டே மிதித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவு முட்டாள். கிளைடருக்கும் ரோப்புக்கும் நடுவே வீக் லிங்க் என்று ஒரு சின்ன இரும்புத் துண்டு உண்டு. இழுவை அளவு மீறினால் கிளைடர் உடையும் முன்பு அது அறுந்துவிடும். அன்று அது அறுந்தது. பைலட் சட்டென்று மூக்கைக் கீழே தள்ளி, வேகம் பிடித்து, நேர் எதிரே இறக்கிவிட்டார். ரோப் நுனியில் கட்டிய சின்ன பாராசூட் அவருக்குப் பின்னால் ஆடி ஆடி விழுந்தது.

பயிற்றுநர் சென்னைக்காரர். திட்டுவார் என்று நின்றேன்.

"எந்த ஊருப்பா?"

"வண்ணாரப்பேட்டை சார்."

"காத்தாடி விட்டிருப்பியே. காத்து தூக்கும்போது நூலை இழுப்பியா, விடுவியா?"

அவ்வளவுதான் சொன்னார். மாடியில் மாஞ்சா நூலில் விரல் அறுத்துக்கொண்டு கற்றதை எஞ்சின் சத்தத்தில் மறந்திருக்கிறேன். (மாஞ்சாவுக்கு இப்போது தடை. அது சரிதான், எத்தனை கழுத்தை அறுத்த நூல்!)

சென்னையிலும் கிளைடர் விடலாமா என்று பையன் கேட்டான். மதியம் கடற்காற்று உள்ளே வந்ததும், சூடேறி மேலெழும் காற்று கரையோரத்தில் அடங்கிவிடும். மேலே போனவர் சீக்கிரமே இறங்க வேண்டியதுதான் என்றேன்.

"நீங்க அதுல போனதே இல்லையாண்ணே?"

ஒரே ஒரு தடவை போனேன், பின் சீட்டில். உச்சியில் ரோப் கழன்றபோது 'டங்' என்று ஒரு சத்தம், அப்புறம் காற்றின் சத்தம் மட்டும். ஊரைப் பார், ஏரியைப் பார் என்றார் முன்னால் இருந்தவர். நான் குனிந்து வின்ச்சைத் தேடினேன். தீப்பெட்டி அளவுக்கு இருந்தது. என் இடத்தில் உட்கார்ந்திருந்தவன் காலைக் கொஞ்சம் தாமதமாகத்தான் எடுத்தான்.