பரங்கிக்காயைப் பார்க்க ஒரு தீவு

நேற்று ராத்திரிதான் ஒகாயாமா நகருக்குத் திரும்பினேன். கால் வலி இன்னும் போகவில்லை. ஆனால் கண்ணை மூடினால் அந்த மஞ்சள் பரங்கிக்காய்தான் வந்து நிற்கிறது. வழி, செலவு எல்லாவற்றையும் வரிசையாக எழுதுவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். அதெல்லாம் அப்புறம், முதலில் காயைப் பற்றி.

ஜப்பானின் செத்தோ உள்நாட்டுக் கடலில் இருக்கும் சின்னத் தீவு நவோஷிமா. அதன் தென்கரையில் கடலுக்குள் நீளும் ஒரு மேடையின் நுனியில் ஆளுயரப் பரங்கிக்காய்ச் சிற்பம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ஜப்பானியக் கலைஞர் யாயோய் குசாமா 1994இல் செய்தது. கண்ணாடி இழையால் ஆன மஞ்சள் உடம்பு, அதன்மேல் கறுப்புப் புள்ளிகள். நூறு படங்களில் பார்த்தாகிவிட்டது, நேரில் புதிதாக என்ன இருக்கப்போகிறது என்று நினைத்தேன். அங்கே நின்றபோதுதான் புள்ளிகளின் வேலை தெரிந்தது. காயின் மேட்டில் பெரிய புள்ளி, பள்ளத்தை நோக்கி இறங்க இறங்கச் சின்னதாகி, மடிப்பில் மிளகளவு. அந்த ஏற்ற இறக்கத்தால்தான் காய் மூச்சு இழுத்து உப்புவதுபோல் இருக்கிறது. பின்னால் கடல் அசைந்துகொண்டே இருக்க, இது மட்டும் அசையாமல் இருக்கிறது.

குசாமா 1929இல் ஜப்பானின் மட்சுமோட்டோ நகரில் பிறந்தவர். விதைப் பண்ணை நடத்திய குடும்பம். சின்ன வயதில் தாத்தாவோடு வயலுக்குப் போனபோது ஒரு பரங்கிக்காய் தன்னிடம் பேசியதாகத் தன் வாழ்க்கை வரலாற்றில் சொல்கிறார். புள்ளிகளும் வலைகளும் பிரமையாகக் கண்முன் பரவி மிரட்டிய பிள்ளைப் பருவம் அது. அவரைப் பயமுறுத்திய புள்ளிகளும் அவருக்கு ஆறுதல் தந்த காயும் இங்கே ஒன்றாகிவிட்டன. ஓவியம், சிற்பம், துணி, கண்ணாடி அறை என்று எதைத் தொட்டாலும் இந்தக் காய் திரும்ப வருகிறது. 1993இல் இத்தாலியின் வெனிஸ் பியனாலே கலைக் கண்காட்சியில் கண்ணாடி அறைக்குள் பரங்கிக்காய்களை வைத்து, வந்தவர்களுக்குக் குட்டிக் காய்களைக் கையில் கொடுத்தார். நவோஷிமாவின் காயை வெறும் செல்ஃபி இடமாக நினைத்து இரண்டு நிமிடத்தில் திரும்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

2021 ஆகஸ்டில் ஒரு புயல் காயைக் கடலுக்குள் இழுத்துப் போட்டு உடைத்தது. மறுபடி செய்து 2022 அக்டோபரில் அதே இடத்தில் வைத்தார்கள்.

சரி, எனக்குக் கோபம் வந்த கதைக்கு வருகிறேன். தீவில் இறங்கியதும் துறைமுகத்தில் மின்சார சைக்கிள் கேட்டேன். இரண்டு மணி நேரம் போதும் என்று சொல்லியும் முழு நாள் வாடகைதான் வேண்டுமென்றார் கடைக்காரர். விலைப் பலகையைக் காட்டியும் பயனில்லை. அந்தப் பேச்சில் பஸ்ஸும் போய்விட்டது. அடுத்தது ஒரு மணி நேரம் கழித்து. ஒரு யென் என்றாலும் ரூபாயாக மாற்றிப் பார்க்கும் ஆள் நான், நடந்தே போனேன். மேடும் பள்ளமுமான ரோடு, நல்ல வெயில். வயதானவர்களைக் கூட்டிப் போனால் பஸ்ஸை விட்டுவிடாதீர்கள்.

போன நாள் திங்கட்கிழமை. அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் மூடியிருந்தன. ஆனால் பரங்கிக்காய்களுக்கு டிக்கெட் கிடையாது, விடுமுறையும் கிடையாது. கையில் காசு குறைவென்றால் தயங்காமல் போகலாம். எதிர்க்கரையில் இருக்கும் ஊனோ துறைமுகத்திலிருந்து 20 நிமிடப் படகு, அவ்வளவுதான். மதியம் சூடான உடோன் சாப்பிட்டேன். தடித்த, வழுவழுப்பான நூடுல்ஸ், அருமையான சாறு. அந்தச் சாற்றில் மீன் இருக்கும், சைவர்கள் கேட்டு வாங்குங்கள்.

தீவின் மியானோவுரா துறைமுகத்தில் குசாமா 2006இல் வைத்த சிவப்புக் காய் இருக்கிறது. மஞ்சளைத் தொடக்கூடாது, இதற்குள்ளோ நுழையவே செய்யலாம். சில புள்ளிகள் ஓட்டைகள். உள்ளே இருட்டு, தரையில் வட்ட வட்டமாக வெயில். ஒரு குழந்தை ஓட்டை வழியாகத் தலையை நீட்டி அம்மாவைக் கூப்பிட்டது. என் படகுக்கு அறிவிப்பு வந்த பிறகும் அந்த வட்டங்களுக்கு நடுவே இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் ஓடினேன்.